எல்லையோரப் பிள்ளைகளும் இணையவழித் தமிழும்

திருப்பதியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர் திருச்சானூர். பத்மாவதித் தாயார் எழுந்தருளியிருக்கும் தலமாதலால் நம் பாட்டிமார் வாயில் அது அலமேலுமங்காபுரம். என் தமக்கை வாழ்க்கைப்பட்டது அங்கேதான். சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது அக்காள் ஒரு பழைய கடிதக் கட்டை எடுத்து வந்தார். எல்லாம் எங்கள் அம்மா எழுதியவை. ஆறாம் வகுப்புப் படிக்கும் பேரனிடம் ஒன்றைக் கொடுத்து, "படிடா கண்ணு" என்றார். பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன எழுத்துன்னே தெரியலை பாட்டி, நீயே படிச்சுச் சொல்லு" என்றான்.

சொன்னது நல்ல தமிழில்தான். வீட்டில் அவன் பேசுவது தமிழ். பள்ளியில் படிப்பது தெலுங்கும் ஆங்கிலமும். இதே வாக்கியத்தை நம் சங்கத்தின் வார இறுதி வகுப்பிலும் பலமுறை கேட்டிருக்கிறேன். எனவே, அந்தப் பிள்ளைகளுக்கும் நம் பிள்ளைகளுக்கும் இணையம் எவ்வகையில் உதவக்கூடும் என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லை நகர்ந்த கதை

தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறும் நிலத்தின் வட எல்லையாகச் சொல்வது வேங்கடத்தை. அந்த மலையடிவாரத்தில் உள்ளது திருச்சானூர். இப்பகுதிக் கோவில் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த திருப்பதி 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இணைந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அங்கே சென்றது. 1960 ஏப்ரல் முதல் நாள் நடந்த எல்லை மாற்றத்தில் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. திருப்பதி அங்கேயே நின்றது. 2022 முதல் திருப்பதி தனி மாவட்டம். நாம் ஊரை விட்டு வெளியே வந்தவர்கள். அவர்களோ ஊரிலேயே இருந்தார்கள், மாறியது எல்லைக்கோடுதான். ஆனால் இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் நேர்ந்தது ஒன்றே: காதுக்குத் தெரிந்த மொழி கண்ணுக்குத் தெரியவில்லை.

தாய்மொழியா, வேற்றுமொழியா?

தமிழ்நாட்டு முதல் வகுப்புப் பாடநூல், பிள்ளையைச் சுற்றிக் கடைப் பலகை, பேருந்து, நாளிதழ் எல்லாம் தமிழில் இருப்பதாக எண்ணி எழுதப்பட்டது. அயல்மொழிப் பாடங்களோ "வணக்கம், என் பெயர் இது" என்று தொடங்குகின்றன. பாட்டியிடம் ரசம் கேட்டு வாங்கும் பையனுக்கு இது எதற்கு? அவனுக்கு வேண்டியது மூன்றாவது வழி. கேள்வியறிவு இருக்கிறது, எழுத்தறிவும் எழுத்து நடையும் மட்டும் வேண்டும். இப்படிப்பட்டவர்களை மரபுமொழி மாணவர் என்று மொழிக்கல்வியாளர் தனியே பிரித்துப் பேசுவர்.

எழுத்தில் எங்கே தடுக்குகிறது?

தெலுங்கு படித்த பிள்ளைக்குத் தமிழெழுத்து பாதி தெரிந்த மாதிரிதான். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் இரண்டு மொழியிலும் உண்டு. ண, ள இரண்டும் உண்டு. தடுக்கும் இடங்கள் நான்கு.

முதலாவது, தெலுங்கில் க வரிசைக்கு நான்கு எழுத்து, தமிழில் ஒன்றே. 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் எழுத்து ஒன்று, ஒலி வேறு. சொல்லின் முதலில் வல்லொலி, மெல்லெழுத்தை அடுத்து மென்மை, இரு உயிர்க்கு நடுவே இன்னும் தளர்வு. இதை விதியாகச் சொல்வதைவிடப் பத்துச் சொல்லை ஒலியோடு கேட்கச் செய்தால் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, தெலுங்கில் மெய்கள் சேரும்போது ஒற்றை அடுத்து வரும் எழுத்து பெரும்பாலும் கீழே தொங்கும். தமிழில் ஒற்று புள்ளி வைத்துப் பக்கத்திலேயே நிற்கும்.

மூன்றாவது, கெ, கே, கை ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன்னால் வரும். கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது. வாய் முதலில் சொல்ல வேண்டியது ககரத்தை.

நான்காவது, ழகரம் இன்றைய தெலுங்கில் இல்லை. ன, ந வேறுபாடும் எழுத்தில் இல்லை. 'பளம்' என்று சொல்லும் பிள்ளை 'பழம்' என்று எழுதக் காதும் பழக வேண்டும், கண்ணும் பழக வேண்டும்.

ஆக, 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைக்க வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, உயிர்க்குறிகள், ஆய்தம் ஆகியவற்றை அறிந்தால் மிச்சம் தானே வரும்.

பேச்சிலிருந்து எழுத்துக்கு

அடுத்த மேடு இதுதான். 'வந்துட்டாங்க' என்பவன் 'வந்துவிட்டார்கள்' என்று படிக்கும்போது வேறு பாஷையோ என்று மிரள்கிறான். ஆனால் மாற்றங்களுக்கு ஒழுங்கு உண்டு. 'வேணும்' என்பது 'வேண்டும்'. 'வீட்லே' என்பது 'வீட்டில்'. 'எலை' என்பது 'இலை'. 'ஒடம்பு' என்பது 'உடம்பு'. இத்தகைய இருபது இணைகளை அட்டையில் எழுதி விளையாடினால் போதும், பயம் தெளிந்துவிடும். ஹெரால்ட் ஷிஃப்மன் 1999-இல் பேச்சுத் தமிழுக்கே தனி இலக்கண நூல் வெளியிட்டார். சிங்கப்பூரில் 2005-இல் வந்த தமிழ்ப் பாடத்திட்ட ஆய்வறிக்கை பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் வேண்டுமென்றது. பிள்ளையின் பேச்சைக் கொச்சை என்று தள்ளினால், அவன் கையில் இருக்கும் ஒரே முதலையும் பிடுங்கியதாகும்.

இணையத்தில் என்ன இருக்கிறது?

2001 பிப்ரவரியில் தமிழ்நாட்டரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம். அதன் மழலைக் கல்விப் பகுதியில் பாடல், கதை, உரையாடல், எண், எழுத்து எல்லாம் ஒலியோடும் படத்தோடும் உள்ளன. தமிழ்நாட்டுப் பாடநூல்களையும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2018-க்குப் பின் வந்த புதிய நூல்களில் விரைவுக் குறியீடுகளும் உண்டு. செல்பேசியைக் காட்டினால் பாடம் திரையில் வரும்.

எல்லையோரப் பிள்ளைக்கு மிகவும் ஏற்றது என்று நான் கருதுவது, பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர். ஒரே படக்கதை தமிழிலும் தெலுங்கிலும் கிடைக்கிறது. முதலில் தெலுங்கில் படிக்கட்டும். கதை தெரிந்தபின் தமிழில் படித்தால் ஊகம் கைகொடுக்கும். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தையும் தமிழையும் இணையாக வைக்கலாம். பெரிய பிள்ளைகளுக்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பு உண்டு. அதில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் சி. பி. பிரவுனின் தெலுங்கு அகராதியும் அடுத்தடுத்து உள்ளன. நூல்களுக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம்.

ஓர் எச்சரிக்கை. ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாறும் வசதி நமக்கு நல்லது; கற்கும் பிள்ளைக்கு அவ்வளவு நல்லதல்ல. ர, ற, ல, ள, ழ எது என்று யோசிக்கும் வேலையை மென்பொருளே செய்துவிடுகிறது. ஆறு மாதமாவது பென்சில் பிடிக்கட்டும்.

ஒரு வாரத் திட்டம்

திரை தானாகக் கற்பிக்காது. பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். வாரம் இருமுறை, நாற்பது நிமிடம் போதும். பத்து நிமிடம் கதை கேட்டல். பத்து நிமிடம் அதே கதையை வரிமேல் விரல் வைத்துப் படித்தல். பத்து நிமிடம் பேச்சுச் சொல்லை எழுத்துச் சொல்லாக மாற்றும் விளையாட்டு. கடைசிப் பத்து நிமிடம், யாருக்காவது இரண்டு வரி எழுதுதல். அந்த 'யாருக்காவது' மிக முக்கியம். படிக்க ஆள் இல்லாத எழுத்தைப் பிள்ளைகள் எழுதமாட்டார்கள்.

திருச்சானூரில் இன்னொரு வசதியும் உண்டு. தேவஸ்தானத்தின் அறிவிப்புப் பலகைகள் பலவற்றில் தெலுங்கும் தமிழும் சேர்ந்தே இருக்கும். கோவிலுக்குப் போகும் வழியே பாடப்புத்தகம்!

இந்த முறையில் அக்காள் பேரனோடு ஞாயிறுதோறும் வீடியோவில் உட்கார்ந்தேன். ஐந்தாம் மாதம் அம்மாவின் கடிதம் ஒன்றைக் கையில் எடுத்தான். "செ... ள..." என்று நின்றான். அம்மா போட்டிருந்தது 'சௌ', சௌபாக்கியவதியின் சுருக்கம். ஔகாரக் குறி ளகரம் போலவே இருப்பதை நான் சொல்லிக் கொடுக்க மறந்திருந்தேன். பிழை என்னுடையது. "அட, அவ்ளோதானா தாத்தா?" என்று சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனான். பக்கத்தில் அக்காள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குச் சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை ஒன்றைக் கடிதத் தோழமையாக்கினால் இருவருக்கும் எழுத ஓர் ஆள் கிடைக்கும். செலவு ஒன்றுமில்லை, மனம் ஒன்றே வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு பரண்மேல் ஒரு கடிதக் கட்டு இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த கடைசி ஆளாக நாம் இருந்துவிட வேண்டாம்.