மருத்துவரைக் கேட்டீர்கள், ஆய்வகத்தைக் கேட்டீர்களா?

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணமாகி ஆறு மாதம் முடிவதற்குள் வந்துவிடும் கேள்வி, "ஏதும் விசேஷமா?" இரண்டு தீபாவளி போயும் நல்ல சேதி இல்லையென்றால், ஊர்ப் பார்வை முழுக்கப் பெண் பக்கம் திரும்பிவிடும். வளைகாப்பு வீட்டில் அவளை முன்னே அழைக்கத் தயங்குவார்கள். மருத்துவம் சொல்வது வேறு: குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் குறைபாட்டுக்கும் பங்கு உண்டு. ஆகவே முதல் பரிசோதனைக்கே கணவனும் மனைவியும் சேர்ந்து போவதுதான் முறை.

மலையிலுள்ள தானா ராத்தா ஊரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் சோதனைக்குழாய் முறை, அதாவது ஐ.வி.எஃப். சிகிச்சை என்றால் மலையை விட்டு இறங்கி ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போகவேண்டும். மருத்துவக் கட்டணத்தோடு பயணச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பள இழப்பு எல்லாம் சேரும். 2020 முதல் ஊழியர் சேமநிதியிலிருந்து இந்தச் சிகிச்சைக்குப் பணம் எடுக்க மலேசியாவில் வழி இருக்கிறது. வருமான வரிக் கழிவும் உண்டு. கொழுந்து பறித்துச் சேர்த்த முதுமைக்காலப் பணத்தை எடுத்துச் செலவழிப்பவர்களுக்கு, அது யார் கையில் போய்ச் சேருகிறது என்று கேட்க முழு உரிமை உண்டு.

கதவுக்குப் பின்னால் நடப்பது

தம்பதியர் பார்ப்பது மருத்துவரை. அவர் ஊசிமூலம் எடுத்துக் கொடுக்கும் திரவத்தில் கருமுட்டையைத் தேடிக் கண்டுபிடிப்பவர் கருவியலாளர். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே அதன் அளவு. அதை 37 டிகிரி வெப்பத்தில், உடலுக்குள் இருப்பதைப் போலக் குறைந்த ஆக்சிஜனில் காக்க வேண்டும். விந்தணு சேர்த்த பதினேழாவது மணி நேரத்தை ஒட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு சிறு வட்டங்கள் தெரியும். ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. பார்ப்பதற்குச் சில மணி நேரம் பிந்தினால் அவை மறைந்துவிடும். கரு முறையாக உருவானதா என்று பிறகு உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டாம் நாள் நான்கு செல், மூன்றாம் நாள் எட்டு, ஐந்தாம் நாள் நடுவில் நீர்க்குழியோடு கூடிய கருக்கோளம். இத்தனை நாளும் அந்தக் கருவுக்குக் காவல் கருவியலாளர்தான்.

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978-ல் இங்கிலாந்தில் பிறந்தபோது, விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்ஸ், மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோ ஆகியோரோடு உழைத்த கருவியலாளர் ஜீன் பர்டி. 39 வயதில் காலமான அவர் பெயர் பல காலம் வெளியே தெரியவில்லை.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. 1983-ல் சிங்கப்பூரில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமான குழுவின் தலைவர், யாழ்ப்பாணத்தில் பிறந்த மருத்துவர் எஸ்.எஸ்.ரத்னம். பின்னர் அவர் துறையில் சேர்ந்த ஆரிஃப் போங்சோ இலங்கையில் பிறந்த கால்நடை மருத்துவர். மலேசியாவின் விவசாயப் பல்கலைக்கழகத்தில் எருமைகளின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். கருக்குழாயின் செல்களோடு சேர்த்து வளர்த்தால் மனிதக் கரு ஐந்தாம் நாள்வரை நன்றாக வளரும் என்று காட்டினார். 1994-ல் மனிதக் கருவிலிருந்து மூலச் செல்களைப் பிரித்தெடுத்ததை வெளியிட்டு உலகின் கவனத்தைத் திருப்பினார்.

விஞ்ஞானிகள் வகுத்த அளவுகோல்

இத்தகைய ஆய்வக விஞ்ஞானிகளுக்கான பன்னாட்டு அமைப்புதான் 'ஆல்ஃபா'. ஒரே கருவை ஒரு நாட்டில் 'நன்று' என்றும் இன்னொரு நாட்டில் 'சுமார்' என்றும் மதிப்பிட்டால் நோயாளி எதை நம்புவது? ஐரோப்பாவின் 'எஷ்ரே' சங்கத்தோடு சேர்ந்து 2010-ல் இஸ்தான்புல்லில் கூடிய ஆல்ஃபா, கருவை எந்த மணி நேரத்தில் பார்ப்பது, எப்படித் தரம் பிரிப்பது என்பதற்குப் பொது விதி வகுத்தது. உறைநிலையில் காக்கும் கருக்களுக்கும் 2012-ல் தர அளவுகளை வெளியிட்டது. 2017-ல் இரு அமைப்புகளும் வெளியிட்ட வியன்னா உடன்பாடு, ஆய்வகத்தை எடைபோட 19 குறியீடுகள் தந்தது.

உதாரணத்துக்கு, ஒரே விந்தணுவை ஊசியால் செலுத்தும் முறையில், 100 முதிர்ந்த முட்டைகளில் குறைந்தது 65 முட்டைகள் முறையாகக் கருவுற வேண்டும். சிறந்த ஆய்வகம் 80-ஐ எட்ட வேண்டும். முறையாகக் கருவுற்றவற்றில் 40 சதவீதமாவது ஐந்தாம் நாள் கருக்கோளமாக வேண்டும், இலக்கு 60.

இந்த எண்கள் விஞ்ஞானிகளின் மாநாட்டுக்குள் அடங்கிவிடக் கூடாது. மலை இறங்கிப் போகும் தம்பதியர் மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்: இங்கே 100-க்கு எத்தனை முட்டைகள் கருவுறுகின்றன? எத்தனை ஐந்தாம் நாள்வரை வளர்கின்றன? எங்கள் பெயரையும் முட்டையையும் விந்தையும் இரண்டு பேர் சரிபார்க்கிறார்களா? இரவில் மின்சாரம் நின்றால் கருவைக் காக்க என்ன ஏற்பாடு?

நல்ல ஆய்வகம் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காது. மலேசியாவின் சிகிச்சை மையங்கள் இந்தப் பதில்களைத் தமிழிலும் மலாயிலும் அச்சிட்டு, கையெழுத்து வாங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். பிள்ளை பிறக்கும் என்று எந்த விஞ்ஞானியும் உறுதி சொல்ல முடியாது; எதிலும் ஒளிவுமறைவு இருக்காது என்று கட்டாயம் உறுதி சொல்ல முடியும்.