பெண்களின் புகையிலை மெல்லும் வழக்கமும் வாய்ப்புற்றுநோயும்: கருநாகப்பள்ளித் தொடராய்வை முன்வைத்து

கோலியனூர் வட்டாரத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் மூத்த பெண்கள் சிலரின் இடுப்பில் சுருக்குப்பை இருப்பதை இன்றும் காணலாம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலைத் துண்டும் அதில் இருக்கும். பசியும் அலுப்பும் தெரியாமலிருக்க மெல்வதாகவே அவர்கள் கூறுவர். இவ்வழக்கம் நோய்க்கு எவ்வளவு வழிவகுக்கிறது என்பதை எத்தகைய ஆய்வால் அறியலாம் என்பதே இக்கட்டுரையின் வினா.

நோயுற்றபின் ஒரு பெண்ணிடம் ‘நாளைக்கு எத்தனை முறை மென்றீர்கள்?’ என்று கேட்டால், விடையில் அச்சமும் குற்றவுணர்வும் கலந்துவிடக்கூடும். நலமாக இருக்கும்போதே கேட்டுப் பதிந்து, பல்லாண்டுகள் பின்தொடர்வது ‘கோஹார்ட்’ எனப்படும் தொடராய்வு. இதற்கு அண்மைச் சான்று கேரளத்தின் கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளி. அங்குள்ள கடற்கரை மணலில் தோரியம் மிகுதி. அதன் இயற்கைக் கதிர்வீச்சு புற்றுநோயை மிகுவிக்கிறதா என்றறியும் நோக்கில் மக்களின் வாழ்க்கைமுறை விவரங்கள் 1990களில் திரட்டப்பட்டன. 2009இல் வெளியான முடிவு அவ்வாறு மிகுந்ததாகக் காட்டவில்லை. அதே ஆண்டு, அதே மக்கள்திரளின் பெண்களைப் பற்றி வெளிவந்த மற்றொரு முடிவே நமக்கு நெருக்கமானது.

30 முதல் 84 வயது வரையிலான 78,140 பெண்களுள் 2005 இறுதிவரை 92 பேருக்கு வாய்ப்புற்றுநோய் கண்டறியப்பட்டது. இத்துணைப் பெரிய திரளிலும் 92 பேரே என்னும்போது, சில நூறு பேரிடம் வினாநிரல் கொடுத்து முடிக்கும் நம் ஆய்வேடுகள் (என்னுடையதும் விலக்கன்று) இவ்வினாவுக்கு விடைதர இயலாமை விளங்கும். நாளொன்றுக்குப் பத்து முறையோ அதற்கு மேலோ புகையிலை மென்றோருக்கு நோய் இடர் 9.2 மடங்காக இருந்தது. மெல்லத் தொடங்கிய வயதுக்கும் நோய்க்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு புலப்படவில்லை. ‘சின்ன வயதிலேயே பழகிவிட்டது, இனி விட்டு என்ன பயன்?’ என்போரிடம் இது எடுத்துரைக்கத் தக்கது. எனினும் இம்முடிவு கைவிட்டோரின் நலனை அளந்ததன்று.

தமிழ்நாட்டில் 2012 முதல் மாநிலம் தழுவிய புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் உள்ளது. நோய் வந்தபின் பதிவது அது. நோய்க்கு முந்தைய வாழ்வைப் பதிந்த ஏட்டோடு ஒப்பிட்டால்தான் கருநாகப்பள்ளியில் கிடைத்தது போன்ற விடை கிடைக்கும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர், சுருக்குப்பையைப் பற்றியும் கேட்டு, நாளொன்றுக்கு எத்தனை முறை என்பதையும் எழுதி வைப்பாராயின், கோலியனூருக்கான முதல் ஏடு அதுவாகவே அமையலாம்.