பேசும் சுவரொட்டி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன், வடக்குத்து)

சுவரொட்டி என்றதும் மந்தாரக்குப்பம் கடைவீதியின் திரைப்பட விளம்பரங்களே நம் நினைவுக்கு வரும். அறிவியல் மாநாடுகளிலும் சுவரொட்டிக்கு இடமுண்டு. ஆய்வு செய்தவர் தம் முடிவுகளைப் படமும் எழுத்துமாக ஒரே தாளில் அமைத்து மாட்டி, அருகில் நின்று வருவோர்க்கு விளக்குவார். இதுவே ஆய்வுச் சுவரொட்டி.

கட்டுரை படிக்க விரும்புவோர் பெருகி, மேடையில் நேரம் போதாமற் போனதன் விளைவே இம்முறை. 1969-இல் மாட்ரிட் நகரில் கூடிய ஐரோப்பிய உயிர்வேதியியலார் மாநாட்டில் இது இடம்பெற்றது. 1974-இல் மின்னியாபொலிஸ் நகர மாநாட்டின் வழியே அமெரிக்காவிலும் பரவியது. இன்று நம் நாட்டுக் கருத்தரங்குகளிலும் வழக்கமாகிவிட்டது.

இதற்குப் பொருள் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நெய்வேலியில் 1935-இல் கிணறு தோண்டியபோதுதான் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அப்படுகைக்கு அடியில் அழுத்தம் மிக்க நிலத்தடி நீர் உள்ளது. அவ்வழுத்தத்தைக் குறைக்காவிடில் சுரங்கத்தின் தரையே பெயர்ந்துவிடும். ஆகவே நீரை இடைவிடாது இறைக்கின்றனர். நிலக்கரியைப் போலவே நீரும் இங்கு ஆய்வுக்குரிய பொருளன்றோ!

எங்கள் ஊரின் ஆறு கிணறுகளில் நீரின் கடினத்தன்மையை, நம் ஆய்வுக்கூடத்தில் செய்யும் ஈ.டி.டி.ஏ. தரம்பார்த்தல் முறையால் அளந்ததாக வைத்துக்கொள்வோம். அதனைச் சுவரொட்டியாக்குவது எப்படி?

முதலில், மாநாட்டினர் கேட்கும் அளவை அறிய வேண்டும். பெரும்பாலும் அது 841 மி.மீ. அகலமும் 1189 மி.மீ. உயரமும் உள்ள ஏ0 தாளாக இருக்கும். "ஆறு கிணறுகளில் எதன் நீர் மிகக் கடினமானது?" என்பது போன்ற தலைப்பு, நான்கைந்து அடி தொலைவிலும் தெளிவாகத் தெரிய வேண்டும். நடுவில் ஆறு பட்டைகள் கொண்ட வரைபடம். அதன் குறுக்கே லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற இடத்தில் ஒரு கோடு. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு அதுவே. வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை அனுமதி உண்டு. செய்முறையை நான்கு வரிகளில் அடக்கலாம். முடிவு இரண்டே வரி. மாதிரி எடுத்த மாதத்தையும் குறிக்க வேண்டும். கோடையிலும் மழைக்காலத்திலும் கிணற்று நீர் ஒன்றல்ல.

விளக்குவோர் தாளை மறைக்காமல் ஓரமாக நிற்க வேண்டும். எழுதியதையே படித்துக் காட்டாமல், ஏன் அளந்தோம், எப்படி அளந்தோம், என்ன கண்டோம் என இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். அளக்காததைப் பற்றிக் கேட்டால், "அதை நான் அளக்கவில்லை" என்பதே நல்ல விடை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். மேடையும் ஆங்கிலமும் என்னைப் போன்றோர்க்கு இன்னும் அச்சந்தருவன. சுவரொட்டியின் முன் நிற்பதோ ஒருவரோடு ஒருவர் பேசுவதுதான். அதையே தமிழிலும் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் மாட்டினால், எந்தக் கிணற்றுப் பட்டை கோட்டைத் தாண்டுகிறது என்பதை என் தாயாரும் கண்டுகொள்வார். நீர் தந்தவர்க்கு முடிவைச் சொல்லாத ஆய்வு பாதி ஆய்வே. நண்பர்களே, வரும் ஆண்டில் நம் துறைச் சுவர்களை நம் ஊர்க் கிணறுகள் அலங்கரிக்கட்டும்!