கண்மணிப் பூங்கா நினைவிருக்கிறதா?

சென்னைத் தொலைக்காட்சி 1975-லேயே தொடங்கினாலும், எங்கள் கோவைப் பக்கத்துக் கிராமத்துக்கு டி.வி. வரப் பல வருஷமாயிற்று. தெருவுக்கே ஒரு பெட்டிதான். 'கண்மணிப் பூங்கா' என்றால் பக்கத்து வீட்டு ஆசாரத்தில் பத்து வாண்டுகள் ஆஜர்! படம் புள்ளி புள்ளியாய் ஆடும். ஒருத்தன் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்புவான்.

"தெரியுதா?"

"இன்னுங் கொஞ்சம்!"

அதில் வந்ததெல்லாம் நம்மைப் போன்ற பிள்ளைகள்தானே! நமக்கும் ஆசை வராதா? முடிந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணைதான் மேடை, அமுச்சிதான் நேயர். வாயே திறக்காத நான் முதன்முதலில் பாடியது அங்கேதான்.

அந்த அலைவரிசைக்கு 2024 முதல் 'டிடி தமிழ்' என்று பெயர். "அந்தப் பூங்காவைக் காட்டும்மா" என்றாள் மகள். செல்போனில் தேடினேன், அகப்படவில்லை. சரியென்று அந்தத் திண்ணைப் பாட்டையே பாடிக் காட்டினேன்.

"நீயாம்மா பாடறே?" என்று வாயைப் பிளந்தாள்.