திறந்த வழி மீண்டும் அடைபடுமோ?



“கழுத்தில் ஸ்டென்ட் வைத்தாயிற்று, சாமி. மாதா காப்பாற்றிவிட்டாள். இனி மாத்திரை எதற்கு?” என்றார், நன்றித் திருப்பலி கேட்டு வந்த பெரியவர் ஒருவர். நான் புன்னகைத்து, ஆசீர்வதித்து அனுப்பிவிட்டேன். ஓராண்டு கழித்து, ஒரு நாள் காலையில் அவருடைய வலக்கை சில நிமிடங்கள் செயலற்றுப்போயிற்று; நாவும் குழறிற்று. அன்று நான் வாளாவிருந்தது தவறென்று உணர்ந்தேன். அத்தவற்றைத் திருத்தவே இதனை எழுதுகிறேன்.

கழுத்தின் இருபுறமும் செல்லும் தமனிகள் மூளைக்கு இரத்தத்தைக் கொண்டு செல்கின்றன. அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், அங்கிருந்து பெயரும் சிறு துணுக்கும் மூளையின் நாளத்தை அடைத்துப் பக்கவாதத்தை உண்டாக்கலாம். ஆகவே, குறுகிய இடத்தைப் பலூனால் விரித்து, உலோக வலைக்குழாயாகிய ஸ்டென்டைப் பொருத்துகின்றனர்.

ஸ்டென்ட் வழியைத் திறக்கிறதேயன்றி, நோயின் வேரை அறுப்பதில்லை. உள்ளே பட்ட காயத்தை ஆற்ற உடல் புதுத் தசையை வளர்க்கிறது. அது அளவு மீறினால் வலைக்குள்ளேயே வழி மீண்டும் குறுகும். பின்னாளில் கொழுப்பும் மறுபடி படியலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2012இல் வெளியான ஆய்வொன்றில், ஸ்டென்ட் வைத்தவர்களில் 6 விழுக்காட்டினருக்கு ஈராண்டுக்குள் தமனி மிகவும் குறுகியது, அல்லது அடைபட்டது. பெண்களுக்கும், நீரிழிவும் மிகு கொழுப்பும் உள்ளோர்க்கும் இவ்வாபத்து அதிகம்.

இதற்கும் மருத்துவம் உண்டு. அறிகுறியின்றி ஓரளவே குறுகியிருப்பின், மாத்திரைகளோடு டாப்ளர் பரிசோதனையால் கண்காணிப்பர். அறிகுறி தோன்றினாலோ, வழி மிகக் குறுகினாலோ மீண்டும் பலூனால் விரிப்பர். தேவையாயின் இன்னொரு ஸ்டென்ட் வைப்பர். சிலருக்கு அறுவை செய்து ஸ்டென்டையே அகற்றுவதும் உண்டு.

நம் பெரியவரைப் பிள்ளைகள் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். பலூன் சிகிச்சையால் நலமடைந்தார்.

எனவே, மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். குறித்த நாளில் பரிசோதனைக்குச் செல்லுங்கள். பீடி, சிகரெட்டை விட்டொழியுங்கள். முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கண் திடீரென இருண்டாலோ, அது நொடியில் மறைந்தாலும் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

மருத்துவரை மதிக்கவும், மருந்தை ஆண்டவரின் கொடையாக ஏற்கவும் சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. மாத்திரையை உட்கொள்வது விசுவாசக் குறைவன்று. காத்தருளிய கரத்திற்கு நாள்தோறும் நாம் செலுத்தும் நன்றியே அது. இப்போது நன்றித் திருப்பலி கேட்டு வருவோரிடம் நான் மறவாமல் வினவுவது ஒன்றுண்டு: “இன்று மாத்திரை போட்டீர்களா?”