இருமினால் சிறுநீர் கசிகிறதா? வெட்கம் வேண்டாம்

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் அடைக்கலம் தேடினர். கண்டக்குழியை உள்ளடக்கிய கற்பிட்டிப் பகுதியின் மணல் நிலத்தில், சொந்தக் காணியை இழந்த பெண்கள் வெங்காயத் தோட்டத்திலும் மிளகாய்த் தோட்டத்திலும் கூலிக்கு நின்றனர். கிடுகுக் கொட்டிலில் பிள்ளை பெற்று, உடம்பு தேறுமுன்பே தண்ணீர்க் குடம் தூக்கியவர்களும் உண்டு. அன்றைய இளந் தாய்மார் இன்று ஐம்பதையும் அறுபதையும் கடந்துவிட்டனர்.

இவர்களுள் சிலர் வெளியே சொல்லாத ஒரு வேதனை இருக்கிறது. இருமினால், தும்மினால், மூடை தூக்கினால் சிறுநீர் கசிகிறது. சிலருக்குக் கீழே ஏதோ இறங்குவது போன்ற கனம். இதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். தொழுகைக்கு நிற்கவும், தலவில திருவிழாவுக்கு பஸ் ஏறவும் தயங்குகிறார்கள். “பிள்ளை பெற்றால் இப்படித்தான்” என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்கிறார்கள். இது தவறான எண்ணம். இதற்குப் பரிகாரம் உண்டு.

காரணம் என்ன?

இடுப்பெலும்பின் அடியில், முன்னிருந்து பின்னாக, ஊஞ்சல் துணிபோலச் சில தசைகள் அமைந்துள்ளன. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்குபவை இவையே. பிரசவம், ஓயாத இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்குதல், மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றம் ஆகியவற்றால் இவை தளர்கின்றன. தளர்ந்தால் சிறுநீர் கசியும்; கருப்பையும் கீழிறங்கலாம்.

நேபாளத்து மலைக் கிராமங்களிலும் இதே கதைதான். அங்கு கருப்பை இறக்கம் பெண்களின் உரிமை சார்ந்த பிரச்சினை என 2008இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

பயிற்சி செய்வது எப்படி?

1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னோல்ட் கெகல் எழுதிப் பரப்பிய பயிற்சி இது. செலவில்லை.

படுத்தோ, உட்கார்ந்தோ, காற்றுப் பிரியாமல் அடக்குவது போலவும் சிறுநீரை நிறுத்துவது போலவும் உள்ளே மேல்நோக்கி இறுக்குங்கள். வயிற்றையும் தொடையையும் இறுக்கவேண்டாம். மூச்சையும் அடக்கவேண்டாம். ஐந்துவரை எண்ணி, பின் அதேயளவு நேரம் தளர்த்துங்கள். இப்படி 8 முதல் 10 தரம், நாளொன்றுக்கு 3 வேளை செய்யுங்கள். குறைந்தது 3 மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். இருமுமுன்பும் குடம் தூக்குமுன்பும் ஒருமுறை இறுக்கிக்கொள்வது நல்லது. சிறுநீர் கழிக்கும்போது மட்டும் இதைப் பழகவேண்டாம். சிறுநீர்ப்பை முற்றாக வெறுமையாகாது போகலாம்.

இறுக்கும்போது நோவு ஏற்பட்டால் நிறுத்திவிட்டு இயன்மருத்துவரிடம், அதாவது பிசியோதெரபிஸ்டிடம், காட்டுங்கள். சிலருக்குத் தசை தளர்வதற்குப் பதிலாக அளவுக்கு மீறி இறுகியிருக்கும். அவர்களுக்கு வேறு பயிற்சி தேவை.

யாரிடம் போவது?

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவ மாதுவிடம் (மிட்வைப்) சொல்லுங்கள். பெண்ணுக்குப் பெண் சொல்வதில் கூச்சம் குறைவு. 35 வயதைக் கடந்த பெண்களுக்காக 1996 முதல் அரசு நடத்திவரும் சுகவனிதையர் கிளினிக்கிலும் கேட்கலாம். கருப்பை இறங்கியிருந்தால் வைத்தியர் உள்ளே வளையம் பொருத்துவதுண்டு. எல்லோருக்கும் சத்திரசிகிச்சை வேண்டியதில்லை. சிறுநீரில் இரத்தம், சிறுநீர் அடைத்துக்கொள்ளல், மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு இருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

குடும்பத்தாரின் பங்கு

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பெற்ற மனைவி தேறும்வரை தண்ணீர் அள்ளுவதும் மூடை சுமப்பதும் உங்கள் வேலை. மாமியாரும் மருமகளை அவசரப்படுத்தவேண்டாம். புரோஸ்டேட் சத்திரசிகிச்சைக்குப் பின் சிறுநீர் கசியும் ஆண்களுக்கும் இதே பயிற்சி உதவும்.

இழந்த காணியை மீட்பது நம் கையில் மட்டும் இல்லை. தளர்ந்த தசையை மீட்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. இன்றைக்கே தொடங்குங்கள், பக்கத்து வீட்டுச் சகோதரிக்கும் சொல்லிக்கொடுங்கள்.