எமது முகத்தைக் காட்டி இன்னொருவர் காசு கேட்டால்...

ஆள்மாறாட்டம் என்றதும் எமக்கு முதலில் நினைவுக்கு வருவது பரீட்சை மண்டபம்தான். ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் போயிருந்து பரீட்சை எழுதுவதும், பிடிபட்டதும் பத்திரிகையில் செய்தி வருவதும் நாமறிந்த விடயம். இன்று அதே ஆள்மாறாட்டம் கைத்தொலைபேசிக்குள்ளும் வந்துவிட்டது. இங்கே திருட்டுப் போவது எமது முகமும் குரலும், அவற்றை நம்பி எம்மோடு பழகுகின்றவர்களின் காசும்தான்.

காணொளி மூலம் வருமானம் தேடும் பெண்கள் எமது பகுதிகளில் பலர் இருக்கிறார்கள். சமையல், தையல், பனையோலைக் கைவேலை, வீட்டுத்தோட்டம் என்று தமக்குத் தெரிந்ததைக் காட்டுகிறார்கள். பிள்ளைகளையும் வயோதிபப் பெற்றோரையும் விட்டு வெளியே வேலைக்குப் போக முடியாத பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு இது ஒரு நல்ல வழி. நானும் அவர்களில் ஒருத்தி. கறித்தூள் இடிப்பதையும், ஒடியல் கூழ் காய்ச்சுவதையும், பனங்காய்ப் பணியாரம் சுடுவதையும் காட்டுகிறேன். பார்ப்பவர்களில் பலர் புலம்பெயர்ந்த உறவுகள். ஊருக்கு வந்து போகிறவர்களிடம் சொல்லி என்னிடம் தூள் எடுப்பிப்பார்கள்.

ஒரு நாள் கனடாவில் இருந்து ஓர் அம்மா அழைத்தார். "பிள்ளை, மகளின்ர ஒப்பரேசன் முடிஞ்சுதோ? நான் அனுப்பின காசு காணுமோ?" என்று கேட்டார். எனக்கு மகள் இல்லை. இரண்டும் ஆண் பிள்ளைகள். ஆறுதலாக விசாரித்தபோதுதான் விடயம் தெரிய வந்தது. எனது பெயரோடு ஓர் எழுத்தைக் கூட்டி, எனது படத்தையே போட்டு, யாரோ இன்னொரு சனல் தொடங்கியிருந்தார்கள். எனது காணொளிகள் பதினொன்று அதில் இருந்தன. எனது காணொளிகளுக்குக் கீழே கருத்து எழுதியவர்களுக்கு அந்தப் பெயரில் பதில் எழுதி, ஒரு வட்சப் இலக்கத்தையும் கொடுத்திருந்தார்கள். காசு அனுப்பிய பிறகு அந்த இலக்கத்தில் இருந்து பதில் வராததால், முன்பு தூள் எடுத்தபோது குறித்து வைத்த எனது இலக்கத்துக்கு அந்த அம்மா அழைத்திருக்கிறார்.

2009 இல் என் கணவர் இறந்ததை ஒரு காணொளியில் சொல்லியிருந்தேன். அதையே சொல்லித்தான் காசு கேட்டிருக்கிறார்கள். காணொளிகளைக் களவெடுத்ததை விட, என் துக்கத்தை எடுத்துப் பிச்சைப் பாத்திரமாக்கியதுதான் என்னைச் சுட்டது.

பெரிய ஆட்களுக்கும் நடந்தது

இது ஏதோ எங்களைப் போன்ற எளிய பெண்களுக்கு மட்டும் வரும் துன்பம் அல்ல. 2019 ஜனவரியில் பிலிப் டிபிராங்கோ என்ற அமெரிக்க யூரியூப் படைப்பாளர், தன் பெயரிலும் வேறு பிரபலங்களின் பெயரிலும் "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்று வரும் போலிச் செய்திகளைப் பற்றித் தனது பார்வையாளர்களை எச்சரித்தார். 2022 இல் மார்க்கெஸ் பிரவுண்லீ என்ற தொழில்நுட்பப் படைப்பாளர், கருத்துப் பகுதியில் தன்னைப்போல் நடித்து இலக்கம் கொடுக்கும் போலிகளைப் பற்றித் தனிக் காணொளியே வெளியிட்டார். அதே வருடம் ஜூலையில், சனல்கள் தமது சந்தாதாரர் எண்ணிக்கையை மறைக்க முடியாது என்று யூரியூப் விதி கொண்டுவந்தது. போலிகள் தமது சிறிய எண்ணிக்கையை மறைத்துக்கொண்டே ஏமாற்றி வந்தமைதான் அதற்குக் காரணம். 2023 ஒக்ரோபரில் மிஸ்டர் பீஸ்ட் என்ற உலகப் புகழ்பெற்ற யூரியூப் படைப்பாளரின் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி, இரண்டு டொலருக்கு ஐபோன் தருவதாக ரிக்ரொக்கில் ஒரு போலி விளம்பரம் வந்தது.

ஆகவே உங்களுக்கு இப்படி நடந்தால் வெட்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை. "இவள் ஏன் வீடியோவில் முகத்தைக் காட்டினவள்?" என்று கேட்கும் வாய்கள் இருக்கத்தான் செய்யும். அதற்குப் பயந்து நாம் பேசாமல் இருந்தால், போலியானவர் தொடர்ந்து எமது பெயரில் காசு வாங்கிக்கொண்டே இருப்பார்.

முதலில் செய்ய வேண்டியது

ஆத்திரத்தில் உடனே போலிக்காரருடன் சண்டைக்குப் போக வேண்டாம். சனலை அழித்துவிட்டு ஓடிவிடுவார். முதலில் ஆதாரத்தைச் சேகரியுங்கள். போலிச் சனலின் முகவரி, அதன் முகப்பு, அவர் எழுதிய பதில்கள், கொடுத்த தொலைபேசி இலக்கம், காசு போட்ட வங்கிக் கணக்கு இலக்கம் ஆகியவற்றை ஸ்கிரீன் சொட் எடுத்துத் திகதியோடு வையுங்கள். காசு அனுப்பியவர்களிடம் பற்றுச்சீட்டின் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்ததாக முறைப்பாடு. யூரியூப்பில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பெயரும் படமும் திருடப்பட்டிருந்தால், அந்தச் சனலின் விபரப் பகுதிக்குப் போய் ஆள்மாறாட்டம் என்று முறையிடலாம். காணொளியே திருடப்பட்டிருந்தால், பதிப்புரிமைப் படிவத்தை நிரப்பி நீக்கச் சொல்லலாம். இது சட்டரீதியான படிவம். பொய் எழுதக்கூடாது. உங்கள் பெயர் மற்றப் பக்கத்தவருக்கும் தெரியவரலாம் என்பதால், பாதுகாப்புப் பிரச்சினை உள்ளவர்கள் தமக்குப் பதிலாக ஒரு பிரதிநிதியைக் கொண்டு அனுப்பலாம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நீங்கள் உருவாக்கிய படைப்பின் உரிமை எந்தப் பதிவும் இல்லாமலே உங்களுடையது.

சொந்தச் சனல் இல்லாத சகோதரிகளும் இதை அறிந்திருக்க வேண்டும். உதவி செய்வதாகச் சொல்லி உங்கள் வீட்டில் எடுத்த காணொளியை வேறொருவர் எடுத்துப் போட்டால், அதில் தெரியும் முகம் உங்களுடையது என்ற அடிப்படையில் தனியுரிமை முறைப்பாடு செய்யலாம். உங்களைப்போலவே தோன்றும் செயற்கைக் காணொளிக்கும் 2024 முதல் யூரியூப்பில் இவ்வாறு முறையிட முடிகிறது.

காசு கைமாறியிருந்தால் பொலிஸில் முறையிட வேண்டும். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது எமது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். ஹிதவதி என்ற உதவிச் சேவை இணையத் துன்புறுத்தல்கள் பற்றித் தமிழிலும் ஆலோசனை தருகிறது. மகளிர் உதவி இலக்கம் 1938. தனியே போகத் தயக்கம் என்றால், பிரதேச செயலகத்தில் உள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் முதலில் கதையுங்கள்.

நான் இப்போது செய்வது

எனது விடயத்தில் போலிச் சனல் நீக்கப்பட்டது. அந்த அம்மாவின் காசு திரும்பி வரவில்லை. அதனால் இப்போது ஒவ்வொரு காணொளியின் முடிவிலும், "நான் எவரிடமும் வட்சப்பில் காசு கேட்பதில்லை" என்று என் வாயாலேயே சொல்கிறேன். பெயர் அடையாளத்தை வெட்டி எடுக்க முடியாதபடி படத்தின் நடுப்பக்கமாக இலேசாகப் போடுகிறேன். வெட்டித் தொகுக்காத மூலப் பிரதிகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன். கணக்குக்கு இரட்டைப் பாதுகாப்புப் போட்டிருக்கிறேன். பிள்ளைகளின் பாடசாலைச் சீருடை, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எதுவும் படத்தில் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

கனடா அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காசு போனாப் போகட்டும், பிள்ளைக்கு ஒண்டும் இல்லைத்தானே, அது காணும்" என்றார். இப்படிப்பட்ட மனிதர்களின் இரக்கத்தில்தான் போலிகள் பிழைக்கின்றன. போருக்குப் பின் எமக்கு மிஞ்சியவற்றில் எமது பெயரும் ஒன்று. அதைக் களவு கொடுத்துவிட்டு வாய்மூடி இருக்க வேண்டாம். உங்களுக்கு நடந்தால் அயலில் உள்ள நான்கு பேருக்குச் சொல்லுங்கள். அவர்களில் ஒருத்தியாவது அடுத்த முறை காசு அனுப்ப முன்னர் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்பாள்.